ஐயத்திலிருந்து அறம் பிறக்குமா?

அணுவுக்குள் அடுத்து என்ன நிகழும் என்பதை நிகழ்தகவாக மட்டுமே சொல்ல முடியும் என்று 1926இல் காட்டியவர் மாக்ஸ் போர்ன் (1882–1970). யூதர் என்பதால் 1933இல் கோட்டிங்கன் பேராசிரியர் பதவியை இழந்து, நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1935இல் சர் சி.வி. ராமனின் அழைப்பை ஏற்று மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தார். சமஸ்தானம் கொடுத்த நிலத்தில் எழுந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் பணியாற்றினார். அவரை நிரந்தரமாக்க ராமன் முயன்றார். சொந்த நாடு துரத்திய இரண்டாந்தர அந்நியர் இங்கே எதற்கு என்று ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் கழகக் கூட்டத்திலேயே எதிர்த்தார். போர்ன் 1936இல் எடின்பரோவுக்குப் போனார். திவான் மிர்சா இஸ்மாயிலோடு ஏற்பட்ட நட்பு மட்டும் வீண்போகவில்லை: போர்னின் சகோதரி மகன் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், அவரும் அகதி, 1939இல் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞரானார்.

பிற்காலக் கட்டுரைகளில் போர்ன் ஒரு கருத்தை வலியுறுத்தினார். உண்மை ஒன்றே, அது தன் கையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையே உலகத் தீமைகளுக்கு வேர். புதிய இயற்பியல் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்றார். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் பஸ்குவால் ஜோர்டான் இதற்குள் அடங்கவில்லை. போர்னோடு சேர்ந்து 1925இல் குவாண்டம் இயற்பியலுக்குக் கணித அடித்தளம் இட்ட அவர், 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நிகழ்தகவை அவரைவிட நன்றாக அறிந்தவர் சிலரே. அந்த அறிவு அவரைத் தடுக்கவில்லை.

மைசூருக்கு வடக்கே சிரவணபெளகொளாவில் வேரூன்றிய சமணமும் இதே கேள்வியைத் தொடுகிறது. எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மை என்பது அதன் சியாத்வாதம். புள்ளியியலின் அடிப்படையோடு இதை ஒப்பிட்டு பி.சி. மகலனோபிஸ் 1954இல் எழுதினார். ஆனால் சமணர் கொல்லாமையைச் சியாத்வாதத்திலிருந்து வருவித்துக்கொள்ளவில்லை. அதைத் தனி விரதமாக, விரதங்களில் முதலாவதாக வைத்தார்கள். போர்ன் விட்ட இடைவெளி இதுதான். தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்வது ஆணவத்தைக் குறைக்கலாம். அடுத்தவர் உயிரை மதிக்கும் கடமையை அது தானாகத் தந்துவிடாது.

போர்னின் வாழ்க்கையில் அந்தக் கடமை இருந்தது. அணுகுண்டுப் பணியில் அவர் சேரவில்லை. மேற்கு ஜெர்மனிக்கு அணு ஆயுதம் வேண்டாம் என்று 1957இல் 18 அறிவியலர் விடுத்த கோட்டிங்கன் அறிக்கையில் கையெழுத்திட்டார். அப்போது ஜோர்டான் எதிர்ப்பக்கம் நின்றார்.