மறைந்த கை

‘இயற்கையோடு இயைந்த வீடு’ என்று சொல்லும்போது கட்டியவனின் அடக்கத்தைப் பாராட்டுவதாக நினைத்துக்கொள்கிறோம். இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் (1919–2003) பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை அநேகமாகத் தவறவிடுவதில்லை. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு.

பாவா முதலில் வக்கீல். 1948ல் பெந்தொட்டவுக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில், ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, உப்பாறு என்று பொருள்பட லுனுகங்க எனப் பெயரிட்டார். மனசில் இருந்ததைச் செய்துபார்க்கத் தன் தொழிலறிவு போதவில்லை என்று கண்டுதான் லண்டனில் போய்ப் படித்தார். 1957ல் தேறும்போது வயது 38. ஆக, அவருடைய வீடுகளுக்கெல்லாம் முன்னால் இந்தத் தோட்டம் இருக்கிறது. இதில் அவர் செய்தது என்ன? வீட்டுக்குத் தெற்கே நின்ற கறுவாக் குன்றின் உச்சியைச் சீவித் தாழ்த்தினார் – அப்பாலுள்ள ஏரியும் தூரத்துத் தாதுகோபமும் கண்ணில் பட வேண்டுமென்று. இடையில் போன பாதை பார்வையில் படாதபடி பள்ளத்தில் மறைந்தது. ஈழத்தலரிக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு அவற்றை வளைத்தார். பார்க்க வருகிறவன், மரம் தானாக வளைந்திருக்கிறது என்றே நம்புவான். நம்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இதைப் பொய் என்று சொல்லமாட்டேன். குளம் வெட்டியவனும் மண்ணைப் புரட்டியவன்தான். ஆனால் வரப்பு தன்னை வரப்பு என்று ஒப்புக்கொள்கிறது. பாவாவின் கலையோ, கை பட்ட தடம் அழியும்போதுதான் பூரணமடைகிறது. இதற்குப் பெயர் அடக்கம் அல்ல. மிகத் தேர்ந்த அதிகாரம்.

தோட்டத்தில் இது ரசனை விவகாரம். கண்டலமவில் அப்படியில்லை. சிகிரியாவை ஒட்டி ஒரு ஹோட்டல் கட்டக் கேட்டார்கள். பாவா அந்த இடத்தை மறுத்து, சிகிரியா தொலைவில் தெரிகிற ஒரு பழங்குளத்தின் பக்கம், பாறைச் சரிவைத் தேர்ந்தார். குளத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் கேடு என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1994ல் ஹோட்டல் திறந்தது. கொடிகள் படர்ந்து அதை மூடின. பிறகு எல்லோரும் கொடிகளைப் பற்றியே பேசினார்கள். இங்கே கட்டலாமா என்ற கேள்விக்கு, கட்டியது தெரியவில்லையே என்பது பதிலாகிவிட்டது. நல்ல கலைஞன் ஒருவனால்தான் இப்படியொரு பதிலைத் தர முடியும் என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது. மட்டமான கட்டிடமாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி இத்தனை சுலபமாக மறைந்திருக்காது.

பாவா போன பிறகும் லுனுகங்கவில் தோட்டக்காரர்கள் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில பருவமழைகள் சும்மா இருந்துவிட்டால் போதும், தாதுகோபம் மரங்களுக்குப் பின்னால் போய்விடும்.