இரங்கற்குறிப்பின் காற்புள்ளிகள்

அமெரிக்க, ஆஸ்திரேலியச் சிற்றூர்களின் இரங்கற்குறிப்புகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: குடும்பமே உயிரென்று இருந்தவர், ஆசிரியர், சம்பளம் வாங்காத தீயணைப்புத் தொண்டர். மூன்றுக்கும் இடையே ஒரு காற்புள்ளி போதுமானதாக இருக்கிறது. வாழ்க்கையில் போதவில்லை. சங்கு ஊதியதும் சோற்றுத் தட்டையோ பாதிப் பாடத்தையோ விட்டு ஓடுகிறவன், யாரோ ஒருவர் வீட்டுக்காகத் தன் வீட்டைப் பணயம் வைக்கிறான்.

2019 டிசம்பர் 19 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காட்டுத்தீயை அணைக்கப் போன இரு தொண்டர்கள், மரம் விழுந்து வண்டி கவிழ்ந்து இறந்தார்கள். இருவருக்கும் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள். 2020 ஜனவரியில், ஒருவரது இறுதிச் சடங்கில், அவருக்குரிய பதக்கத்தை மகனின் சட்டையில் குத்தினார்கள். குழந்தையின் வாயில் ரப்பர் காம்பு.

தியாகம் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். அந்தத் தியாகத்தின் செலவில் பெரும்பகுதி, சம்மதம் கேட்கப்படாத ஒரு குழந்தையின் பற்றில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அந்தத் தகப்பன் போயிருக்கக் கூடாது என்பேனா? சொல்ல முடியவில்லை. எல்லாத் தகப்பன்களும் வீட்டோடு இருந்துவிடும் ஊரில் எந்தக் குழந்தையின் வீடும் மிஞ்சாது.

ஆகவே கடன் நிற்கிறது. புகழுரை அதைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. நினைவுகூர்தல் என்றால், அதை ஏட்டிலிருந்து அடிக்காமல் வைத்திருப்பதுதான்.