கரைக்குக் கீழே

எங்க நைனா நீர்க்கட்டி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே எங்க ஊர் ஏரிக்கு மதகு திறப்பதும், மழைக்காலத்தில் கரையில் ராத்திரி காவல் இருப்பதும் எங்க குடும்பத்து வேலை. அறுப்பு முடிந்தால் களத்துமேட்டில் கூலி நெல்லு. அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் எங்களுக்கு ஒரு குழிகூடக் கிடையாது.

ஏரிப் பாசனம் சுருங்கி அந்த வேலையும் போன பிறகு, பட்டு வியாபாரத்தில் பணம் சேர்த்த ஒருவர் ஊருக்கு மேற்கே நிலம் வாங்கினார். நடுவே ஓடிய ஓடையை மறித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு மண்கரை போட்டார். பயிருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து படகு விட, தூண்டில் போட. இது ஒன்றும் புதுசில்லை. கொடைக்கானல் ஏரியே 1863இல் மதுரை கலெக்டராயிருந்த லெவிஞ்ச் தன் சொந்தக் காசில் ஓடையை மறித்து உண்டாக்கியதுதான். காசு கொடுத்தவர் பெயர் நிற்கிறது. மண் சுமந்த தலை எந்தத் தலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நைனாவைக் காவலுக்கு வைத்தார்கள். "புது மண்ணுங்கய்யா, இன்னும் இறுகல. கலங்கலைக் கொஞ்சம் அகலமா வையுங்க" என்று நைனா சொன்னதற்கு, "உன்னை வச்சது காவலுக்கு, அதை மட்டும் பாரு" என்று பதில். வெள்ளத்தோடு கட்லா மீன் போய்விடக் கூடாதென்று கலங்கலுக்குக் குறுக்கே வலையும் கட்டச் சொன்னார்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. வலையில் சருகும் முள்ளும் வந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரைத் தலையைத் தொட நாலு விரல்கடை பாக்கி. நைனா போன் செய்தார். "காலையில வரேன், எதையும் தொடாதே." ஓடை இறங்குகிற வழியில்தான் எங்க சேரி இருக்கிறது. சேரி ஏன் பள்ளத்தில் இருக்கிறது என்று இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நைனா அரிவாளால் வலையை அறுத்தார். கரையை விட்டுத் தள்ளிக் கெட்டித் தரைப் பக்கம் மண்வெட்டியால் தண்ணீருக்கு வழி வெட்டினார். கரை நின்றது. மீன் போனது. விடிந்ததும் வேலையும் போனது, மீனுக்காக அறுத்தான் என்ற பட்டத்தோடு.

எங்க மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரியை அன்றைக்கு எப்போது திறந்தார்கள், ஏன் முன்னாடியே திறக்கவில்லை என்று நாடே சண்டை போட்டது. எங்க கலங்கலைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

ஒரு தோழர் என்னிடம் சொன்னார்: "உங்க அப்பா செஞ்சது மனசாட்சிப்படி சரி, சட்டப்படி தப்பு." இந்தப் பங்கீடு எனக்கு ஒத்துவரவில்லை. மனசாட்சியை நமக்குக் கொடுத்துவிட்டுச் சட்டத்தை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படியா சொல்கிறது? ஓர் ஆலைக்காரரின் நீர்த்தேக்கம் உடைந்து அடுத்தவர் சுரங்கத்தில் பாய்ந்த வழக்கில், 1868இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்துச் சொன்னது: தன் காரியத்துக்காகத் தண்ணீரைத் தேக்குகிறவன், அது வெளியேறிச் செய்யும் நாசத்துக்குப் பொறுப்பு. அதே நியாயத்தைக் கேட்டு மதராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாலங்கள் போயிருந்தன. 1874இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விட்டுவிட்டது. காரணம்தான் முக்கியம். ஏரி ஜனங்களின் ஜீவனம். அதைக் காப்பது ஜமீனின் கடமை. வேண்டாமென்று அவரால் இடித்துவிட முடியாது. ஆகவே கவனக்குறைவு இல்லாதவரை பொறுப்பில்லை. (அந்த ஜனங்களில் நாங்கள் இருந்தோமா என்பது தனிக் கதை.) பலரின் பிழைப்பு என்ற காரணத்துக்குக் கிடைத்த மன்னிப்பு அது. படகு விடுகிறவருக்கு அந்த மன்னிப்பைக் கேட்க என்ன வாய் இருக்கிறது?

ஆனாலும் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மலையில், கார்னகி, ஃபிரிக் போன்ற கோடீசுவரர்கள் உறுப்பினராயிருந்த மீன்பிடி, வேட்டை கிளப் ஒரு பழைய மண் அணையை வாங்கி வைத்திருந்தது. வண்டி போக வசதியாகக் கரைத் தலையை இறக்கினார்கள். மீன் தப்பாமல் கலங்கலில் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று மழையில் தடுப்பில் குப்பை அடைத்தது. கூலியாட்கள் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள், வேறு வழி வெட்டவும் பார்த்தார்கள். முடியவில்லை. கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் செத்தார்கள். கிளப்பை எந்தக் கோர்ட்டும் குற்றவாளி என்று சொல்லவில்லை. கடவுள் செயலாம்!

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அங்கே 2,209 பிணம் இருந்தும் குற்றவாளி இல்லை. இங்கே ஒரு பிணமும் விழவில்லை, எங்க நைனா குற்றவாளி. கரை உடைந்திருந்தால் அவர் சொன்னது உண்மையாகியிருக்கும். அவர் உடையவிடவில்லை, அதனாலேயே அவரிடம் சாட்சி இல்லை.

1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரைக் கையில் அள்ளியபோது, தண்ணீரிடம் போகிற உரிமையை நிலைநாட்டினார். தண்ணீர் நம்மிடம் வரும்போது நமக்கு என்ன உரிமை என்பதை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கரைக்குக் கீழே குடியிருக்கிறவனுக்கு அந்த மதகின் மேல் உரிமை உண்டு. பட்டாவில் அவன் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது அங்கே காவல் எங்க தெருப் பையன், பிளஸ் டூ முடித்தவன். வலைக்குப் பதிலாக இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவி காஞ்சிபுரத்துக் கடையில். ஐப்பசி மழை பிடித்த அன்றைக்கு நைனா அவனைக் கூப்பிட்டார்.

"கடப்பாரை எங்கடா வச்சிருக்க?"

"ஊட்லதாம் பெரிப்பா."

"கலங்கலாண்ட கொண்டும்போயி வையி."