மாராளின் நன்றி

எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை நான் பல துக்க வீடுகளில் கேட்டிருக்கிறேன். கணவனைப் பறிகொடுத்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "அழாதே அக்கா, ஸ்தோத்திரம்னு சொல்லு" என்பார்கள். அவளும் சொல்வாள். வந்தவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், வீட்டுக்குக் கிளம்பலாம். மகனை இழந்த அப்பா கடவுளோடு கோபித்துக்கொண்டால் அது துக்கம். அம்மா கோபித்துக்கொண்டால் மட்டும் அது அவிசுவாசமாகிவிடுகிறது.

அந்த வேதாகமத்திலேயேதான் நகோமியும் இருக்கிறாள். பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன இடத்தில் கணவன் போனான், பிறகு இரண்டு மகன்களும் போனார்கள். ஏறக்குறைய பத்து வருஷத்துக்குப் பின் மருமகள் ரூத்தோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் ஓடிவருகிறார்கள். என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. நிறைவாகப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று நேராகவே குற்றம் சாட்டுகிறாள். ஊர்ப் பெண்கள் யாரும் அவளுக்கு வசனம் சொல்லவில்லை. கடவுளும் அவளைக் கண்டிக்கவில்லை. சொன்னது சொன்னபடி நிற்கிறது.

அவள் முதன்முதலாக நன்றி சொல்வது அடுத்த அதிகாரத்தில். ரூத் பகலெல்லாம் வயலில் கதிர் பொறுக்கி, ஒரு மரக்கால் வாற்கோதுமையும், தான் மத்தியானம் சாப்பிட்டு மீதம் வைத்ததும் கொண்டுவந்து முன்னால் வைக்கிறாள். அப்போதுதான் நகோமியின் வாயில் ஆசீர்வாதம் வருகிறது. அதிலும் உயிரோடிருப்பவர்களைப் போலவே இறந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறாள். தன் மூன்று பேரை ஒதுக்கிவிட்டு அவளால் நன்றி சொல்ல முடியவில்லை என்று நான் வாசிக்கிறேன். அந்தத் தானியம் யாரும் போட்ட பிச்சையும் அல்ல. அறுப்பில் சிந்தும் கதிர் ஏழைக்கும் பரதேசிக்கும் விதவைக்கும் உரியது என்பது மோசேயின் சட்டம். உரிமை வீடு வந்து சேர்ந்த இரவில்தான் நன்றியும் வந்தது.

ஒக்கி புயலுக்குப் பிறகு, 2017 டிசம்பரில், கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண்கள் குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடலில் காணாமல்போனவர்களைத் தேடு என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிடுகிற அதே பெண்கள்தான். உடல் கிடைக்காதவனுக்கு எந்த நாளில் அழுவது என்றே தெரியாத நிலையில், அவர்களிடம் போய் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் நாளே நன்றி சொல்கிற பெண்களும் உண்டு. அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிடும் அவசரம் நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. இரவு தூக்கம் வராதபோது அவள் யாரிடம் பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அங்கே அவளுக்கு ஆறுதல் கிடைக்கிறதென்றால் அது அவளுடையது. அவள் வாயிலிருந்து அதைப் பிடுங்க வருகிறவர்களோடுதான் என் வழக்கு.

கதையின் முடிவில் ரூத்துக்குக் குழந்தை பிறக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்வது ஊர்ப் பெண்கள். ஏழு மகன்களைவிட இந்த மருமகள் மேல் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நகோமி என்ன சொன்னாள் என்று எழுதியில்லை. பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறது.