கரண்டி யார் கையில்

கட்டட வேலையில் புழங்கும் 'சித்தாள்' என்ற சொல் 'சிற்றாள்' என்பதன் பேச்சு வடிவம். சிற்றப்பன் சித்தப்பா ஆனதைப் போல. 'கொத்தனார்' என்ற சொல்லிலோ மரியாதை விகுதி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பெண்பால் இல்லை. 'கொத்தனாரம்மா' என்றால் கொத்தனாரின் மனைவி என்றுதான் ஊர் புரிந்துகொள்ளும். கையாளாகச் சேரும் பையன் சில வருடம் சட்டி தூக்கிவிட்டுக் கொத்துக்கரண்டி பிடிக்கிறான். பெண் முப்பது வருடம் தூக்கினாலும் சித்தாள்தான். (சமையலறைக் கரண்டிக்கும் இதே பெயர்தான். அதை மட்டும் யாரும் நம்மிடமிருந்து பிடுங்கியதில்லை.)

முப்பது வருடம் அருகில் நின்று பார்த்தவளுக்கு அந்த வேலை தெரியுமா? தெரியும் என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் அது அவளைப் புகழ்வதாகுமே தவிர உண்மையாகாது. பார்ப்பது வேறு, கை பழகுவது வேறு. கை பழக வேண்டுமென்றால் சாந்து வீணாக வேண்டும், கல் கோணலாக உட்கார வேண்டும், பெயர்த்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். கெடுத்துப் பழகும் அனுமதியைத்தான் நாம் பயிற்சி என்கிறோம். பையனுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. வீணாகும் பொருளை அவனுடைய எதிர்காலத்துக்கான செலவாக மேஸ்திரி எடுத்துக்கொள்கிறார். பெண் ஒரு சட்டிச் சாந்தைக் கெடுத்தால் அது வெறும் நஷ்டம்.

பழுதுபார்க்கும் வேலையை இந்த இடத்தில்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கருங்கல் சுவர்களில், கல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. இடுக்குகளில் உள்ள சாந்துதான் மழையில் கரைந்து உதிர்கிறது. அவசரக்காரர்கள் மேலே சிமெண்டைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். கருங்கல் வழியாக ஈரம் வெளியேறாது, இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதையும் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உட்புறப் பூச்சு உப்புப் பூத்து உதிரும். முறையாகச் செய்வதென்றால், இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது பழைய சாந்தைச் சுரண்டி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் பெரும்பாலும் மூன்று பங்குமாகக் கலந்த சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். பெரிய பொந்தாக இருந்தால் சாந்தோடு கல் சில்லும் செருக வேண்டும். பிறகு ஈரச்சாக்கு கட்டி, காய விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகத்தான் இறுகும். சரியாக அமையாததை அன்றே சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடைக்கலாம். கெடுத்துப் பழக இதைவிடத் தோதான வேலை இல்லை.

சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், கல் தப்பிக்கச் சாந்து தேய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். கவிதை எழுதுகிறவளுக்கு இது ஆபத்தான தகவல். குடும்பம் நிற்கத் தான் கரையும் பெண் என்று உவமை தானாக வந்து நிற்கிறது. அதை நான் எழுத மறுக்கிறேன். சாந்து தேய்ந்தால் புதுச் சாந்து வைக்கிறார்கள். அது சுவரின் தேவை. அதிலிருந்து யாருக்கும் ஒழுக்கம் கறக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஒரு மதில் வேலையின்போது இந்த முறைகளைக் கற்றுக்கொள்ளப் போனேன். கொத்தனார் இடுக்கு அடைக்கக் காட்டிக்கொடுத்தார். ஆனால் சாந்தின் பதத்தைச் சொல்லித்தந்தது ஐம்பதைக் கடந்த ஒரு சித்தாள். உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. "நீங்க ஏன்க்கா கரண்டி பிடிக்கல?" என்று கேட்டேன்.

"கரண்டி பிடிச்சா கை வலிக்கும், சட்டி தூக்குனா கழுத்து வலிக்கும். எந்த வலிக்குக் கூலி ஜாஸ்தின்னு நீங்களே பாருங்க டீச்சர்."

1976இன் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கும் ஒத்த வேலைக்கும் ஆண் பெண் பேதமில்லாமல் கூலி தரச் சொன்னது. வேலையே வேறு என்று ஆக்கிவிட்டால் அதை மீறத் தேவையே இல்லை. ஆகவே கரண்டி கைமாறாமல் இருப்பது வழக்கம் மட்டுமல்ல, கணக்கும்கூட. கழிப்பறைகள் கட்ட ஆள் போதாதபோது ஜார்க்கண்டில் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை சொல்லிக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று புதுப்பெயரும் பிறந்தது. தேவை வந்ததும் பெண்பால் சொல்லும் வந்துவிட்டது.

என் சங்கடம் வேறு. எனக்குக் கரண்டி கேட்டதும் கிடைத்தது. நான் வீணாக்கிய சாந்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், யாரும் திட்டவில்லை. அந்தச் சாந்தைக் குழைத்தவளுக்கு அந்தச் சலுகை இல்லை. கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த அக்காவிடம் கரண்டியை நீட்டினேன். முதலில் முந்தானையில் கையைத் துடைத்தார். இரண்டு இடுக்கை அடைத்தார், ஒன்றைச் சுரண்டிவிட்டு மறுபடி அடைத்தார். திரும்பி வந்த கொத்தனார் விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதற்கு அடுத்த இடுக்கில் வேலையைத் தொடங்கினார்.

சாயங்காலம் மேஸ்திரியின் நோட்டில் எழுதியிருந்தது: கொத்தனார் 1, சித்தாள் 1.