ஸனது இல்லாத மருத்துவம்



சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ நாளில், தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர், நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் மிஹ்ராபின் அருகே வந்து அமர்ந்தார். ஸலாம் கூறிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, "ஹழ்ரத், இது நீங்க பேசினதுதானே?" என்று கேட்டார். நம் குரல்தான். கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றி நாம் எப்போதோ செய்த பயானிலிருந்து இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அதன் கீழே, 'புற்றுநோய்க்கு முழு நிவாரணம், கீமோ தேவையில்லை, ஆலிம் பெருமகனாரின் விளக்கம்' என்று எவரோ எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருந்தார்கள்.

அவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆறு தடவை ஏற்றவேண்டிய கீமோவை இரண்டோடு நிறுத்திவிட்டு, மூன்று மாதமாகக் கருஞ்சீரக எண்ணெய் மட்டும் கொடுத்து வருவதாகச் சொன்னார். "நீங்க சொன்னதால நம்பிட்டோம் ஹழ்ரத்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னார். அதுதான் நம்மை உலுக்கியது.

மருத்துவமனைக்குப் போகவேண்டாமென்று நாம் ஒருபோதும் கூறியதில்லை. ஆனால் அந்த ஹதீஸை எடுத்துரைத்தபோது, அதற்கு இமாம்கள் தந்த விளக்கத்தைக் கூறாமல் விட்டோம் என்பது உண்மை. கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு நிவாரணம் உண்டு எனும் கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதில் ஐயமில்லை. ஆயினும் சொல் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே சாரும் என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கியதை, ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். மத்ரஸாவில் நாமே ஓதிய பாடம் இது. மேடையில் நின்றபோது, கேட்பவர்கள் மகிழ்கிறார்கள் என்பதற்காகப் பாதியோடு நிறுத்திக்கொண்டோம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயமாயிற்று. பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு அனுமதியுண்டா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் ஏன் கேட்டறியவில்லை என்றார்கள். அவர்கள் பதில் சொன்னதாலேயே அவர் கொல்லப்பட்டார் என்றும் கருத்துப்பட உரைத்தார்கள். (காயக்கட்டின் மீது மஸ்ஹு செய்வது பற்றி இதில் வரும் பிற்பகுதியைக் குறித்து முஹத்திஸீன்கள் பேசியிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்ளும் முற்பகுதிக்கு வேறு அறிவிப்பின் வலுவும் உண்டு.) அந்தப் பெரியவர் எழுந்துபோன பிறகு, அஸர் வரையில் இந்த ஹதீஸைத் தவிர வேறெதுவும் நம் நெஞ்சில் ஓடவில்லை.

நிற்க. நோய் வந்த வீட்டில் இன்று முதலில் திறக்கப்படுவது கைப்பேசிதான். மருத்துவர் ஐந்து நிமிடம் பேசுகிறார். பயத்தில் பாதி காதில் விழுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் கூகுளில் தேடுகிறான், மருமகள் யூட்யூபில் பார்க்கிறாள், வளைகுடாவிலிருக்கும் தம்பி பத்துச் செய்திகளை அனுப்பி வைக்கிறார். இதைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். அறிந்துகொள்ள விரும்புவது இயற்கை. ஆனால் ஹதீஸ் கலையைக் கொண்டு உலகத்திற்கே செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்த சமுதாயம், தன் வீட்டு நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தியை மட்டும் 'யார் சொன்னது?' என்று கேட்காமலே விழுங்குவதை என்னவென்பது! ஸனது தீனின் ஒரு பகுதி, அது இல்லையேல் எவனும் எதையும் சொல்லிவிடுவான் என்ற கருத்தில் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமின் முகவுரையிலேயே பதிவாகியிருக்கிறது.

நம் தமிழகத்து எடுத்துக்காட்டு ஒன்று. 'இமிட்டினெஃப் மெர்சிலெட் என்ற மருந்து இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் இலவசமாகக் கிடைக்கும், பலருக்கும் அனுப்புங்கள்' என்ற செய்தியைப் பார்க்காதவர் குறைவு. குறுஞ்செய்தி காலத்திலிருந்தே அது சுற்றுகிறது. அந்தப் பெயரில் மருந்தே இல்லை. இமாட்டினிப் மெசிலேட் என்ற உண்மையான மருந்தின் பெயர் சிதைந்துபோய் அப்படியாயிற்று. இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாட்பட்ட மைலாய்டு என்னும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில் அது பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. அந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு இருக்கும். மருந்து அதைக் குறிவைத்து அடைக்கிறது. அக்கோளாறு இல்லாத மற்ற இரத்தப் புற்றுநோய்களுக்கு அதனால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. 'ஒருவகைக்கு உதவும்' என்ற உண்மை 'எல்லாவற்றையும் குணப்படுத்தும்' என்றாகி, அதோடு 'இலவசம்' என்பதும் ஒட்டிக்கொண்டது. அடையாறு மருத்துவமனையினர் மறுப்புத் தெரிவித்த பின்னரும் அது ஓயவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அந்தச் செய்தியை நம்பி ரயிலேறும் ஒரு தகப்பனை எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்று இதனினும் மோசம். சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றுநோயைக் கொல்லும் என்ற செய்தி, மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் இயக்குநர் பெயரைத் தாங்கி வந்தது. 2019இல் அம்மருத்துவமனையே அது பொய்யென்று அறிவித்தது. உறுதியான ராவிகளின் பெயர்களை வைத்து இல்லாத ஹதீஸுக்கு ஸனது கட்டியவர்களைப் பற்றி நாம் உஸூலுல் ஹதீஸில் படிக்கிறோமே, அதே வேலைதான். ஆகவே பெரிய மருத்துவமனையின் பெயர் செய்தியில் இருப்பது போதாது. அந்த மருத்துவமனையின் சொந்த இணையதளத்திற்குப் போய், அங்கே அது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ராவியிடமே நேரில் கேட்கப் பயணம் போனவர்கள் நம் முன்னோர்கள். நமக்கோ விரலசைவு போதும்.

'நல்லெண்ணத்தில்தானே அனுப்பினேன்' என்பவர்களுக்கு நூஹ் இப்னு அபீமர்யமை நினைவூட்டுகிறோம். மக்கள் குர்ஆன் ஓதுவதில் பொடுபோக்காக இருக்கிறார்கள் என்று கண்டு, ஒவ்வொரு சூராவின் சிறப்புக்கும் ஒரு ஹதீஸைத் தாமே புனைந்தவர் அவர். நன்மையை நாடியே செய்ததாகச் சொன்னார். முஹத்திஸீன்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அச்சமோ நிம்மதியோ தரும் செய்தி வந்தால் உடனே பரப்பிவிடுவதையும், அதை ஆய்ந்தறியக் கூடியவர்களிடம் கொண்டுசெல்லாமல் விடுவதையும் அன்னிஸா அத்தியாயத்தின் 83வது வசனத்தில் அல்லாஹுத் தஆலா கண்டிக்கிறான். புற்றுநோய்ச் செய்தியில் அச்சமும் இருக்கிறது, நிம்மதியும் இருக்கிறது.

அப்படியானால் எங்கே தேடுவது? முதலில் நோயாளியின் ஃபைலில் தேடுங்கள். புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயரன்று. எந்த உறுப்பு, பயாப்ஸியில் எந்த வகை, எந்த ஸ்டேஜ் என்பவை தெரியாமல் இணையத்தில் தேடுவது, முகவரி இல்லாமல் சென்னையில் வீடு தேடுவது போலாகும். மார்பகப் புற்றுநோயாக இருந்தால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று சோதனைகளின் முடிவும் அதில் இருக்கும். அவற்றைப் பொறுத்து மருந்தே மாறும். பக்கத்து வீட்டு லாத்தாவுக்குக் கொடுத்த மருந்தை நம் வீட்டில் ஏன் கொடுக்கவில்லை என்ற குழப்பத்திற்குப் பெரும்பாலும் விடை அங்கேதான் உள்ளது. மருத்துவரிடம் கேட்டு இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு, எழுதியவர் யாரென்று தெரிகின்ற இடங்களுக்குப் போங்கள். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரே பொருளை நோயாளிகளுக்கென எளிய நடையிலும், மருத்துவர்களுக்கென விரிவாகவும் எழுதி, எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியையும் போடுகிறது. பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூ.கே., மேக்மில்லன் ஆகியவை குடும்பத்தாருக்கு ஏற்றவை. இவை ஆங்கிலத்தில் இருப்பவை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை படித்துச் சொல்லட்டும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நிறுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சுருக்கங்கள் பல தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் டாட்டா மெமோரியலைச் சார்ந்து 2012இல் உருவான நேஷனல் கேன்சர் கிரிட், எந்தப் புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. நவ்யா என்ற ஏற்பாட்டின் வழியாக ரிப்போர்ட்டுகளை அனுப்பி இரண்டாவது கருத்து கேட்கவும் வழியுண்டு. மூலிகையைப் பற்றி அறிய நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை தனிப் பகுதியே வைத்திருக்கிறது. கருஞ்சீரகமும் அதில் உண்டு. அதிலுள்ள தைமோகுயினோன் என்ற பொருள் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டிலிருந்த புற்றணுக்களைத் தடுத்திருக்கிறது. தட்டில் நடந்தது மனித உடலில் நடக்குமென்று நிறுவப்படவில்லை. உணவோடு சேர்ப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் கீமோ நடக்கும்போது எண்ணெயாகவோ மாத்திரையாகவோ எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே எடுக்கவேண்டும். சில மூலிகைகள் மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

முத்திரையைக் கண்டும் மயங்கவேண்டாம். மருத்துவ இணையதளங்களுக்கு 'ஹான்' என்று ஒரு நற்சான்று முத்திரை இருந்தது. அதை வழங்கிய ஜெனீவா அமைப்பு 2022 டிசம்பரில் பணியை நிறுத்திக்கொண்டது. இன்று அந்த முத்திரை எங்கேனும் தெரிந்தால், அதைப் புதுப்பிக்க யாருமில்லை என்றே பொருள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: அது சரளமாகப் பதிலளிக்கும், இல்லாத நூலையும் ஆதாரமாகக் காட்டிவிடும். காட்டிய ஆதாரத்தைத் திறந்து பார்க்காமல் எடுக்காதீர்கள். மருந்தையும் விற்றுக்கொண்டு விளக்கமும் தருகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வைட்டமின் பி17 என்று சொல்லிப் பாதாமிக் கொட்டைச் சரக்கை விற்கிறார்கள். அது வைட்டமினே அன்று. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் குறையவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது.

ஐந்தாண்டு பிழைத்திருப்போர் இத்தனை சதவீதம் என்ற கணக்கைப் படித்துவிட்டு வீடே இடிந்து உட்கார்ந்துவிடுகிறது. அது முன்னர் நோய் கண்ட ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் தாயாரின் அஜலைப் பற்றிய அறிவிப்பன்று. அது அல்லாஹ்விடமே உள்ளது. அமெரிக்க அறிஞர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982இல் அரிய புற்றுநோய் ஒன்று கண்டது. அந்நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்திற்குள் இறந்துவிடுவதாக நூல்கள் கூறின. அவரோ 2002 வரை வாழ்ந்தார்.

அந்தப் பெரியவரின் வீட்டுக்கு அன்று மஃரிபுக்குப் பின் போனோம். நாம் பேசியது பாதி என்பதை அவரிடமும், திரைக்கு அப்பாலிருந்த அவர் மனைவியிடமும், மகனிடமும் ஒப்புக்கொண்டோம். சஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை அவர் நெஞ்சில் வைத்துவிட்டு, தகீஃப் கோத்திரத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படி அனுப்பியதை எடுத்துச் சொன்னோம். திருக்கரம் பட்ட நெஞ்சுக்கே மருத்துவர் தேவைப்பட்டார். அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்கள்: "அப்போ இந்த மூணு மாசம் வீணாப் போச்சா ஹழ்ரத்?" நமக்குப் பதில் வரவில்லை. மகன் மறுநாளே ஃபைலை எடுத்துக்கொண்டு உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மறுபடியும் ஸ்கேன் எடுத்து, வேறு வரிசையில் மருந்தைத் தொடங்கினார்கள். சிகிச்சை இன்னும் நடக்கிறது.

அந்தத் துண்டு வந்த குழுவிலேயே நம் குரலில் திருத்தம் அனுப்பினோம். திருத்தத்தை அவ்வளவு பேர் பரப்பவில்லை. சென்ற மாதம் மலேசியாவிலிருந்து நம் சொந்த மச்சான், 'இது உண்மையா?' என்று கேட்டு அதே துண்டை நமக்கே அனுப்பியிருந்தார். கேட்டாரே, அதற்காக அவருக்கு துஆச் செய்தோம். அந்தத் தாயாருக்கும், நோயில் வாடும் நம் அனைவரின் வீட்டாருக்கும் வல்ல நாயன் பரிபூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன்.