பெயர் அறியா வேதசாட்சிகள்



1544ஆம் ஆண்டு முத்துக்குளித்துறையில் மறைப்பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தனர். வர இயலாத அவர், தமக்குப் பதிலாகக் குருவானவர் ஒருவரை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். செய்தி நல்லூருக்கு எட்டியது. மதம் மாறியோர் போர்த்துக்கேயர் பக்கம் சாய்வர் என அஞ்சிய முதலாம் சங்கிலி மன்னன் வாளெடுத்தான். ஏறக்குறைய 600 பேர் மடிந்தனர்.

திருமுழுக்கின் ஈரம் காயுமுன்னே இரத்தம் சிந்தியவர்கள் இவர்கள். ஆண்டுக்கணக்காக மறைக்கல்வி கற்றவர்களல்லர். பெரும்பாலோரின் பெயரும் நமக்குத் தெரியாது. திருச்சபையின் புனிதர் பட்டியலில் இன்னும் இடம்பெறாவிடினும், தோட்டவெளியில் மக்கள் அவர்களை நினைத்துச் செபிக்கின்றனர்.

ஆனால், மெழுகுதிரி ஏற்றுவதோடு வேதசாட்சி வணக்கம் முடிந்துவிடுமா? மன்னனைப் பழிப்பதும் வணக்கமாகாது. கொன்றவரும் தமிழர், மடிந்தவரும் தமிழர். தம்மைக் கல்லெறிந்தோருக்காக மன்றாடிய புனித ஸ்தேவானே வேதசாட்சிகளுக்கு முன்மாதிரி.

நம்மிடம் இன்று எவரும் உயிரைக் கேட்கவில்லை. ஆனால், வேலிச் சண்டையால் அயலவரோடு ஆண்டுக்கணக்காக முகம் கொடாதிருக்கிறோம். சீதனக் காணிக்காக உடன்பிறந்தவரின் மரணவீட்டுக்கும் போகாதிருக்கிறோம். உயிரையே கொடுத்தவர்களை வணங்கும் நாம், வீம்பையாவது விட்டுக்கொடுக்கலாகாதா?

இன்றிரவு குடும்பச் செபமாலையின் பின் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். நாளை காலை அந்தப் படலையைத் தட்டுங்கள். வேதசாட்சிகளுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் அதுவே.